உண்டு நிறைதலும் மறத்தலும்: உபாகமத்தில் விளைபொருள், பெருவளம் ஆகியவற்றின் பொருண்மை

எபிரேய வேதாகமத்தின் ஐந்தாம் நூலாகிய உபாகமம், கத்தோலிக்கத் தமிழ் வழக்கில் இணைச்சட்டம் எனப்படுவது, பயிர்களின் பெயர்களை மிகுதியாக எடுத்துரைக்கும் நூல்களுள் ஒன்று. அதன் எட்டாம் அதிகாரத்தில் (8:7-10) கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, எண்ணெய் தரும் ஒலிவம், தேன் என எழுவகை விளைவுகள் நிரல்படச் சொல்லப்படுகின்றன. பதினோராம் அதிகாரத்தில் (11:10-17) எகிப்து நிலமும் கானான் நிலமும் ஒப்பிடப்படுகின்றன. பருவத்தில் மழை பெய்யும், தானியமும் திராட்சைச் சாறும் எண்ணெயும் சேரும், கால்நடைக்குப் புல் முளைக்கும், மக்கள் உண்டு நிறைவர் என்று வாக்குரைக்கப்படுகிறது. இவ்விரு பகுதிகளும் இன்று பெரும்பாலும் ஒரே முறையில்தான் வாசிக்கப்படுகின்றன. கீழ்ப்படிந்தால் வளம், மீறினால் வறட்சி என்னும் வாய்பாடாக இவை சுருக்கப்படுகின்றன. செல்வச் செழிப்பைக் கடவுளருளின் அளவுகோலாகக் காட்டும் இக்காலச் சொற்பொழிவுகளுக்கும் இவை மேற்கோளாகின்றன. அத்தகைய சொற்பொழிவுகளை மறுப்போரும் இப்பகுதியின் பொருள் அதுவே எனக் கொண்டு, இதனைப் பழைய ஏற்பாட்டின் வளர்ச்சியடையாத சிந்தனை என ஒதுக்கிவிடுகின்றனர்.

இரு சாராரும் பனுவலை முழுதாகப் படிக்கவில்லை என்பது நம் கருத்து. உபாகமத்தில் பெருவளம் என்பது பரிசு மட்டுமன்று. அது ஒரு சோதனையும் ஆகும். பாலைநிலத்துப் பசியைவிடக் கானான் நிலத்து நிறைவையே இந்நூல் கூடுதலாக அஞ்சுகிறது. அந்த அச்சத்திற்கு அது காணும் விடை யாது என்பதை நூலின் சொல்லாட்சி கொண்டே கண்டறியலாம். உரைமரபுகளை விடுத்துச் சொற்களை நாம் முதலில் பற்றிக்கொள்வது அதனால்தான்.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் போதும். யூதா அரசன் யோசியாவின் சீர்திருத்தத்தோடு (கி.மு. 622) உபாகமத்தின் மையப்பகுதியைத் தொடர்புபடுத்தும் கருத்து, 1805இல் ஜெர்மானிய அறிஞர் டி வெட்டே வெளியிட்ட ஆய்விலிருந்து வலுப்பெற்றது. நூலின் சில கூறுகள் அதற்கு முற்பட்ட வடநாட்டு மரபைச் சார்ந்தவை என்று கருதுவோரும் உளர். எவ்வாறாயினும், பாலைநிலத்தில் நின்று எதிர்காலத்தை நோக்கிப் பேசுவதாக அமைந்த இந்நூலைக் கேட்டவர்கள், நாட்டில் பல தலைமுறைகளாகப் பயிர்செய்து வாழ்ந்தவர்களே. அவர்கள் கேட்டது வரப்போகும் விளைச்சலைப் பற்றிய வாக்குறுதியன்று, தம் களத்துமேட்டில் ஏற்கெனவே குவிந்து கிடந்த தானியத்தைப் பற்றிய கேள்வி.

மூன்று சொற்கள்

பதினோராம் அதிகாரம் சுட்டும் மூன்று விளைபொருள்கள் எபிரேயத்தில் தாகான், தீரோஷ், யிட்சார் எனப்படும். உபாகமத்தில் இம்மூன்றும் இதே வரிசையில் ஆறு இடங்களில் சேர்ந்து வருகின்றன (7:13, 11:14, 12:17, 14:23, 18:4, 28:51). அன்றாட எபிரேய வழக்கில் பருகும் மதுவுக்கு யயின் என்றும், எண்ணெய்க்கு ஷெமென் என்றும் பொதுச்சொற்கள் உண்டு. அவற்றை விடுத்து இம்மூன்றையும் ஓர் அடுக்காக ஆள்வது தற்செயலன்று. ஆலையில் மிதித்தெடுத்த புதுச்சாற்றையும், செக்கிலிருந்து வடிந்த புத்தெண்ணெயையும் நிலத்தின் விளைவு என்னும் நோக்கில் பேசும்போதே தீரோஷ், யிட்சார் ஆகிய சொற்கள் வருகின்றன. விருந்தில் பரிமாறப்படுவது யயின். நிலத்திலிருந்து வந்துசேர்வது தீரோஷ். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இவ்விரண்டும் 'திராட்சரசம்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. பொருள் பிழைபடவில்லை என்றாலும் மண்ணின் மணம் குறைந்துவிட்டது.

இவ்வடுக்கின் வரிசையும் நோக்கத்தக்கது. பலஸ்தீன மலைநாட்டில் வாற்கோதுமை ஏப்ரலிலும் கோதுமை மே, ஜூன் மாதங்களிலும் அறுவடையாகும். திராட்சை ஆகஸ்டு, செப்டம்பரில் கனியும். ஒலிவக் காய்களை அக்டோபர், நவம்பரில் உதிர்ப்பர். ஆகவே தானியம், சாறு, எண்ணெய் என்னும் வரிசை ஆண்டின் அறுவடை வரிசையே ஆகும். கேசேர் என்னுமிடத்தில் 1908இல் மெக்காலிஸ்டர் அகழ்ந்தெடுத்த, கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சிறு சுண்ணாம்புக்கல் பலகை, உழவரின் பன்னிரு திங்களை இரண்டு மாதம் சேகரிப்பு, இரண்டு மாதம் விதைப்பு என வேலைகளின் பெயரால் வகுத்துக் கூறுகிறது. பள்ளிச் சிறுவனின் எழுத்துப் பயிற்சி என்று அதனைக் கருதுவோர் உளர். அஃது உண்மையாயின், எழுத்தறியும் சிறுவன் முதலில் மனப்பாடம் செய்தது அறுவடைக் காலங்களை என்றாகும். அத்தகைய செவிகளுக்குத் தாகான், தீரோஷ், யிட்சார் என்னும் மூன்று சொற்களே ஓராண்டைக் குறிக்கப் போதுமானவை.

இன்னொன்றும் உண்டு. தாகான் என்பது தெய்வப்பெயருமாகும். யூப்ரட்டீஸ் ஆற்றின் நடுப்பகுதியில் வழிபடப்பட்ட பெருந்தெய்வம் தாகான்; சிரியக் கடற்கரையிலுள்ள உகரித்தில் 1929 முதல் நடைபெற்ற அகழாய்வில் கிடைத்த களிமண் பலகைகள், மழைத் தெய்வமாகிய பாகாலைத் தாகானின் மகன் என்றே அழைக்கின்றன. உபாகமம் 7:13 இம்மூன்று விளைபொருள்களோடு மாட்டின் ஈற்றையும் ஆட்டின் பெருக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அங்கே ஆட்டின் பெருக்கத்திற்கு ஆளப்படும் சொல் அஸ்தரோத். அது அஸ்தார்த்தே தேவியின் பெயரோடு உறவுடையது. மாட்டின் ஈற்றுக்கு வரும் ஷெகேர் என்னும் சொல்லும் அவ்வாறே. யோர்தானில் தேர் அல்லா என்னுமிடத்தில் 1967இல் கண்டெடுக்கப்பட்ட சுவரெழுத்துப் பனுவலில் ஷகர் ஒரு தெய்வமாகவே தோன்றுகிறது. வளத்தின் தெய்வங்களாகப் பிறர் வணங்கியவை இங்கே பண்டங்களின் பெயர்களாக இறங்கிவிட்டன. இதனைப் பகைத் தெய்வங்களின் மீதான வெற்றி என விளக்குவது வழக்கம். நாம் அவ்வளவு தூரம் செல்லவேண்டியதில்லை. ஓசியா தீர்க்கதரிசியின் நூலில் (2:8), தானியமும் சாறும் எண்ணெயும் யாரிடமிருந்து வந்தன என்பதை இஸ்ரவேல் அறியாமற்போனாள் என்பதே குற்றச்சாட்டு. அதாவது, வளம் எவ்விடத்திலிருந்து வருகிறது என்னும் வினா அன்றைய உழவனுக்கு ஒரு தத்துவ வினாவாக இருக்கவில்லை. யாருடைய பலிபீடத்திற்கு முதற்கதிரைக் கொண்டுசெல்வது என்னும் நடைமுறை வினாவாகவே இருந்தது. அச்சொற்களுக்குள்ளேயே அவ்வினா புதைந்துகிடந்தது.

எட்டாம் அதிகாரப் பட்டியலின் இறுதியில் வரும் தேனைப் பற்றியும் ஒரு சொல். தெபாஷ் என்னும் அச்சொல் பேரீச்சம்பழப் பாகையே குறிக்கும், ஏனெனில் ஏனைய ஆறும் பயிர்களே என்பது நெடுங்கால விளக்கம். நூல்களில் இது ஐயத்திற்கிடமற்ற முடிவாகவே எழுதப்பட்டுவந்தது. 2007இல் தெல் ரெகோவ் என்னும் ஊரில் அமிகாய் மசார் தலைமையிலான அகழாய்வில், கி.மு. பத்து, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தேனீப்பண்ணை ஒன்று வெளிப்பட்டது. மண்ணாலும் வைக்கோலாலும் ஆன உருளைக் கூடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. உபாகமம் சுட்டுவது பழப்பாகுதான் என்று இன்றும் கொள்ளலாம். ஆனால் அக்காலத்தில் அந்நாட்டில் தேனீ வளர்க்கப்படவில்லை என்னும் காரணத்தை இனிச் சொல்ல இயலாது.

வானம் பார்த்த பூமி

மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலத்தைத் தமிழர் 'வானம் பார்த்த பூமி' என்பர். இத்தொடரில் ஓர் ஏக்கம் உண்டு; ஆற்றுப்பாசனம் பெறாத நிலத்தின் குறையைச் சொல்லும் தொடர் அது. உபாகமம் 11:10-12 இதே வேறுபாட்டை எடுத்துக்கொண்டு தலைகீழாக மதிப்பிடுகிறது. எகிப்தில் விதைத்துவிட்டுக் கீரைத்தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவதுபோலக் காலால் நீர் பாய்ச்சவேண்டியிருந்தது. நீங்கள் செல்லும் நாடோ மலையும் பள்ளத்தாக்குமானது, வானத்து மழையைக் குடிப்பது என்கிறது. காலால் நீர் பாய்ச்சுதல் யாது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் காணப்படும் ஏற்றம் கையால் இயக்கப்படுவது. வாய்க்கால் மடையைக் காலால் மிதித்து அடைப்பதையும் மண்ணைத் தள்ளித் திறப்பதையும் இது குறிக்கலாம் என்பதே இயல்பான விளக்கமாக நமக்குப் படுகிறது. வயலில் மடைமாற்றிப் பழகியவர்க்கு இதில் புதிர் ஒன்றும் இல்லை.

எந்த உழவன் ஆற்றுப்பாசனத்தைவிட மானாவாரியை விரும்புவான்? வேதாகமத்தின் பிற பகுதிகளே இம்மதிப்பீட்டுக்கு உடன்படவில்லை. ஆதியாகமம் 13:10இல் லோத்து தெரிந்துகொண்ட யோர்தான் சமவெளி, கர்த்தரின் தோட்டத்தைப் போலவும் எகிப்து தேசத்தைப் போலவும் நீர்வளமுடையதாயிருந்தது என்று பாராட்டாகவே வருகிறது. எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் பாலைநிலத்து மக்கள் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணி ஏங்குகின்றனர். எருசலேமில் ஆண்டு மழை சராசரியாக 550 மில்லிமீட்டர் அளவினது. அதுவும் அக்டோபர் முதல் ஏப்ரல், மே வரையிலான மாதங்களுக்குள் அடங்கிவிடும். கோடையில் ஒரு துளியும் விழாது. இலையுதிர்காலத்து முன்மாரி, வெயிலில் இறுகிய மண்ணை உழத்தக்கதாக்கும். இளவேனிற்காலத்துப் பின்மாரி, கதிரில் மணி முற்றச் செய்யும். இரண்டில் ஒன்று பிந்தினாலும் விளைச்சல் பொய்க்கும். இத்தகைய நிலத்தை எகிப்தைவிட மேலானது என்பது வேளாண்மைக் கணக்கால் நிற்காது.

ஆனால் பனுவல் வேளாண்மைக் கணக்கைப் பேசவில்லை. ஆண்டின் தொடக்கம் முதல் முடிவு வரை கடவுளின் கண்கள் அந்நிலத்தின்மேல் இருக்கின்றன என்று அடுத்து வருகிறது. தமிழ்த்தொடரில் பூமி வானத்தைப் பார்க்கிறது. எபிரேயப் பகுதியில் வானத்திலிருந்து பூமி பார்க்கப்படுகிறது. எகிப்தில் நீர் என்பது மனிதன் திறந்து அடைக்கக்கூடியது. அதனாலேயே மடையை ஆள்பவன் மக்களையும் ஆளலாம். மழையை யாரும் மடைகட்ட முடியாது. எகிப்தை இந்நூல் மீண்டும் மீண்டும் 'அடிமைத்தன வீடு' என்று குறிப்பிடுவதை இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

இங்கு ஆளப்பட்ட 'கன் யாராக்', அதாவது கீரைத்தோட்டம், என்னும் எபிரேயத் தொடர் அரியது. இதே தொடர் நாபோத்தின் கதையில் (1 இராஜாக்கள் 21:2) வருகிறது. யெஸ்ரயேல் ஊரானாகிய நாபோத்தின் திராட்சைத்தோட்டம் ஆகாப் அரசனின் அரண்மனைக்கு அருகில் இருந்தது. அதனைக் கீரைத்தோட்டமாக்க வேண்டும் என்று அரசன் கேட்கிறான்; முன்னோரின் சுதந்தரத்தை விற்கமாட்டேன் என்று நாபோத்து மறுக்கிறான்; பொய்ச்சாட்சியால் கொல்லப்படுகிறான். தலைமுறைகளாகக் காத்து வளர்த்த திராட்சைக்கொடியைப் பிடுங்கிவிட்டு அரண்மனைச் சமையலறைக்குக் கீரை போட விரும்பும் அரசன், அத்துண்டு நிலத்தை எகிப்தாக மாற்றுகிறான் என்பதை எபிரேயச் செவி உடனே உணர்ந்திருக்கும். இவ்விரு இடங்களுக்கும் வெவ்வேறு சொற்களை ஆளும் மொழிபெயர்ப்பில் இவ்வுறவு கண்ணுக்குத் தெரியாமற்போகிறது. ஓசியா நூலின் இரண்டாம் அதிகார இறுதியில், வானம் பூமிக்கு மறுமொழி கூற, பூமி தானியத்திற்கும் சாற்றிற்கும் எண்ணெய்க்கும் மறுமொழி கூற, அவை யெஸ்ரயேலுக்கு மறுமொழி கூறும் என்று ஒரு சங்கிலி அமைகிறது. இரத்தம் சிந்திய ஊரின் பெயர், 'கடவுள் விதைப்பார்' என்னும் தன் சொற்பொருளுக்குத் திரும்புகிறது.

கலமும் களஞ்சியமும்

பாலைநிலத்தில் உண்ட மன்னாவைச் சேமிக்க இயலாது. மறுநாளைக்கு வைத்தால் புழுத்துப்போகும் என்கிறது யாத்திராகமம் (16:20). நாட்டின் விளைவை உண்ணத் தொடங்கிய மறுநாளே மன்னா நின்றுபோயிற்று என்கிறது யோசுவா நூல் (5:12). தானியம், சாறு, எண்ணெய் மூன்றும் மன்னாவிற்கு நேர்மாறானவை. அவற்றைக் குதிரிலும் சாடியிலும் நெடுநாள் வைத்திருக்கலாம். சேமிக்கக்கூடியது எதுவோ அதுவே அளக்கப்படும், வரியாகும், வணிகமாகும். சாலொமோன் ஈராமுக்கு ஆண்டுதோறும் 20,000 கோர் கோதுமை கொடுத்தான் (1 இராஜாக்கள் 5:11). அரசன் ஒருவன் வந்தால் உங்கள் வயல்களையும் திராட்சைத்தோட்டங்களையும் ஒலிவத்தோப்புகளையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரிப்பதும் (1 சாமுவேல் 8:14) இம்மூன்று பயிர்களைப் பற்றியே.

தொல்லியல் இதற்குத் துணைநிற்கிறது. சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த எழுத்துப் பொறித்த ஓடுகள் கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்ன ஆண்டில், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்குப் பழைய மது ஒரு சாடி, தூய எண்ணெய் ஒரு சாடி என்னும் அளவிலான சிறு குறிப்புகள் அவை. வரியா, அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்த பெருநிலக்கிழார்களின் சொந்த விளைச்சலா என்பது இன்றும் விவாதத்திற்குரியது. எதுவாயினும், ஊர்களின் விளைவு தலைநகரை நோக்கிச் சென்றது என்பதில் ஐயமில்லை. யூதாவிலும் அந்நூற்றாண்டின் இறுதியில், 'அரசனுக்குரியது' என்று முத்திரையிட்ட சாடிப் பிடிகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. கிண்ணங்களில் மதுவருந்தி உயர்ந்த எண்ணெய் பூசிக்கொள்வோரைக் கடிந்துரைக்கும் ஆமோசின் சொற்கள் (6:6) எழுந்த சூழல் இதுவே.

இப்பின்னணியில் உபாகமத்தின் ஒரு சிறு விதி பேரொளி பெறுகிறது. பிறனுடைய திராட்சைத்தோட்டத்திற்குள் செல்பவன் தன் ஆசை தீர, நிறைவாக உண்ணலாம். ஆனால் கலத்தில் இட்டுக்கொள்ளலாகாது (23:24). வயிறு நிறைவதற்கு எல்லை வயிறே. கலத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. பசித்தவனுக்கு உரிமையும் உடையவனுக்குக் காப்பும் ஒரே விதியில் அமைந்துவிடுகின்றன.

இதனைக் கொண்டு உபாகமம் சேமிப்பையே மறுக்கிறது என்று கூறிவிடலாகாது. களஞ்சியங்களின்மேல் ஆசி வரும் என்று அந்நூலே சொல்கிறது (28:8). கூடையும் மாவு பிசையும் தொட்டியும் ஆசி பெறும் என்றும் சொல்கிறது (28:5). கூடைக்கு அங்கே வரும் 'தேனே' என்னும் சொல் எபிரேய வேதாகமம் முழுவதிலும் நான்கு இடங்களில்தான் உண்டு. இரண்டு இடங்கள் இருபத்தெட்டாம் அதிகாரத்தில் ஆசியிலும் சாபத்திலும். மற்ற இரண்டும் இருபத்தாறாம் அதிகாரத்தில், முதற்பலனை எடுத்துச்சென்று கடவுளுக்கு முன் வைக்கும் கூடையாக. எந்தக் கூடை காணிக்கையாகச் சென்றதோ அந்தக் கூடையே ஆசி பெறுகிறது என்று இதனைக் கொள்வதில் தவறில்லை.

உண்டு நிறைதல்

நம் வாதத்தின் மையம் இரண்டு வினைச்சொற்களில் உள்ளது. ஆகல் என்பது உண்ணுதல். சாவா என்பது நிறைதல். 'உண்டு நிறைதல்' என்னும் இவ்விணை உபாகமத்தில் ஏழு இடங்களில் வருகிறது. அவற்றுள் ஐந்தில் எழுவாய் நிலம் பெற்ற இஸ்ரவேல் (6:11, 8:10, 8:12, 11:15, 31:20). ஐந்தில் ஒன்றில்கூட அந்நிறைவு தனித்து நிற்கவில்லை. 6:11இல் உண்டு நிறைந்தவுடன், கடவுளை மறவாதபடி எச்சரிக்கையாயிரு என்று வருகிறது. 8:10இல் நிறைந்தபின் வாழ்த்துவாய் என்று வந்தாலும், அடுத்த அடியிலேயே மறவாதே என்னும் எச்சரிக்கை தொடங்கி, 8:12இல் உண்டு நிறைந்து, நல்ல வீடு கட்டி, ஆடு மாடும் வெள்ளி பொன்னும் பெருகி, உள்ளம் மேட்டிமையடைந்து மறந்துவிடுவாய் என விரிகிறது. 11:15ஐ அடுத்து உள்ளம் ஏமாறாதிருக்கட்டும் என்கிறது. 31:20இல் எச்சரிக்கை முன்னறிவிப்பாகவே மாறிவிடுகிறது: உண்டு, நிறைந்து, கொழுத்து, வேறு தெய்வங்களை நாடிச் செல்வர். நிறைவுக்கும் மறதிக்கும் இடையே இந்நூல் ஓர் இயல்பான உறவைக் காண்கிறது. பசித்தவன் மறப்பதில்லை, அவன் வயிறே நினைவூட்டும். 'என் கைவலிமையே இச்செல்வத்தை ஈட்டியது' என்னும் எண்ணம் (8:17) நிறைந்த வயிற்றுக்குரியது. மழையும் வறட்சியும் வெறும் பரிசும் தண்டனையும் மட்டுமே என்றால் இவ்வளவு பெரிய உளவியல் ஆய்வு எதற்கு?

எஞ்சிய இரண்டு இடங்களுக்கு வருவோம். மூன்றாம் ஆண்டின் பத்திலொரு பங்கு தலைநகருக்குச் செல்லாமல் ஊர்வாயிலிலேயே வைக்கப்படவேண்டும், நிலமற்ற லேவியனும் அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து உண்டு நிறைவார்கள் (14:29, 26:12). அதே வினையிணை, எழுவாய் மட்டும் வேறு. இவர்களின் நிறைவைத் தொடர்ந்து எச்சரிக்கை இல்லை. இவர்கள் உண்டு கொழுத்து மறந்துவிடுவார்கள் என்று நூல் ஓரிடத்திலும் ஐயுறவில்லை. 14:29இல் அவர்கள் நிறைவடைவதையே நில உடைமையாளனின் கைவினைக்கு வரும் ஆசியின் வாயிலாக்குகிறது. 26:12ஐ அடுத்து வருவது அதனினும் குறிப்பிடத்தக்கது. அவர்களுக்குக் கொடுத்து முடித்தபின் உழவன் கடவுளுக்கு முன் ஓர் அறிக்கை செய்யவேண்டும். புனிதப் பங்கை வீட்டிலிருந்து விலக்கிவிட்டேன், லேவியனுக்கும் அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் கொடுத்துவிட்டேன், கட்டளையை மீறவில்லை, மறக்கவும் இல்லை என்பது அதன் சாரம் (26:13). எட்டாம் அதிகாரம் அஞ்சிய அதே 'ஷாகாக்', மறத்தல், என்னும் வினையே இங்கு எதிர்மறையாகத் திரும்பிவருகிறது. தான் உண்டு நிறையும்போது மறதி. பிறர் உண்டு நிறையும்போது மறவாமை. இதனை நூலாசிரியர் ஓரிடத்தில் கோட்பாடாகச் சொல்லவில்லை. சொற்களின் இடவைப்பால் சொல்கிறார்.

மறத்தல் என்னும் அவ்வினைக்கு இன்னொரு வியப்பான இடமும் உண்டு. 24:19இல், வயலில் அறுத்தபின் ஒரு கதிர்க்கட்டை மறந்துவிட்டால் அதை எடுக்கத் திரும்பிப்போகாதே, அது அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது என்கிறது. அடுத்து ஒலிவமரத்தை உதிர்த்தபின் கிளைகளை மீண்டும் தடவாதே, திராட்சைப்பழம் அறுத்தபின் பின்பறிப்புச் செய்யாதே என்கிறது. தானியம், எண்ணெய், சாறு என்னும் அதே மூன்று விளைவுகள். கடவுளை மறவாதே, எகிப்தை மறவாதே, உடன்படிக்கையை மறவாதே என்று ஓயாது வற்புறுத்தும் நூல், தன்னுள் அனுமதித்த ஒரே மறதி இந்தக் கதிர்க்கட்டைப் பற்றியதுதான். பிற்கால யூத மரபு இதன் நுட்பத்தை நன்குணர்ந்திருந்தது. மிஷ்னாவின் பேயா என்னும் பகுதி, மறந்த கட்டு என்றால் எது, எத்தனை கட்டுகள், யார் மறந்தால் கணக்கு என்றெல்லாம் விரிவாக ஆராய்கிறது. தொசேப்தாவில், தன் வயலில் ஒரு கட்டை மறந்துவிட்ட பக்தன் ஒருவன் மகிழ்ந்து காணிக்கை செலுத்திய கதை வருகிறது. மகன் காரணம் கேட்க, மற்றக் கட்டளைகளை அறிந்தே நிறைவேற்றலாம், இதனையோ அறியாமல்தான் நிறைவேற்ற முடியும் என்னும் கருத்தில் அவன் விடைகூறுகிறான். சட்ட நூல்களுக்கிடையே இப்படியொரு நகைச்சுவையைக் காண்பது நமக்கு மகிழ்ச்சியளிக்கிறது.

பிறர் நட்ட தோட்டங்கள்

இவ்வாசிப்பை இத்துடன் நிறுத்தினால் பனுவலுக்கு ஒப்பனை செய்தவர்களாவோம். 'உண்டு நிறைதல்' முதன்முதலில் வரும் ஆறாம் அதிகாரத்தில் அந்நிறைவு எதிலிருந்து கிடைக்கிறது? நீ கட்டாத நகரங்கள், நீ நிரப்பாத வீடுகள், நீ வெட்டாத கேணிகள், நீ நடாத திராட்சைத்தோட்டங்களும் ஒலிவத்தோப்புகளும் (6:10-11). அவற்றை வெட்டியவரும் நட்டவரும் யார் என்பதை நூல் மறைக்கவில்லை. அடுத்த அதிகாரமே அவர்களை அழிக்கச் சொல்கிறது. ஒலிவமரம் நட்டவன் பயன்காணப் பல ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். ஊர்வாயிலில் அந்நியனுக்கு உணவு வைக்கும் நூலும், கானானியரின் தோப்புகளை உரிமைப்பொருளாக வழங்கும் நூலும் ஒன்றே. படையெடுப்புக் கதை வரலாற்றில் அவ்வாறே நிகழவில்லை என்று இன்று பல அகழாய்வாளர்கள் கூறுகின்றனர். அதனால் வரலாற்றுச் சிக்கல் குறையலாம். பனுவலின் சிக்கல் குறைவதில்லை. படிக்கப்பட்டுவருவது பனுவலே.

இருப்பினும் ஒன்றைச் சுட்டவேண்டும். இருபத்தெட்டாம் அதிகாரத்துச் சாபங்களில் அதே அளவுகோல் இஸ்ரவேலின்மேல் திருப்பப்படுகிறது. நீ வீடு கட்டுவாய், அதில் குடியிருக்கமாட்டாய். தோட்டம் நடுவாய், அதன் பயனை நுகரமாட்டாய் (28:30). தூரத்திலிருந்து வரும் மக்கள் உன் தாகானையும் தீரோஷையும் யிட்சாரையும் விட்டுவைக்காமல் உண்பார்கள் (28:51). அம்மூவடுக்கு நூலில் கடைசியாக வருவது இங்கேதான். உண்பவர் இப்போது வேறொருவர். கி.மு. 722இல் சமாரியாவும் 586இல் எருசலேமும் வீழ்ந்தபின் இதனைப் படித்தோர்க்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பிறர் நட்டதை உண்பது ஒரு மக்களின் நிரந்தர உரிமையன்று என்பதை இந்நூல் அறிந்திருக்கிறது. கானானியருக்கு அது நீதி செய்துவிட்டது என்று சொல்ல நமக்கு மனமில்லை.

இறுதியாக மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு ஒன்று. தமிழில் உண்ணல், புசித்தல், அருந்துதல் என்றும், நிறைவு, திருப்தி, வயிறார என்றும் சொல்வளம் மிகுதி. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைத் தமிழ்நடை விரும்பாது. இடத்திற்கேற்ப மாற்றி அழகுபடுத்தவே கை நீளும். உபாகமத்தின் ஏழு இடங்களில் அவ்வாறு மாற்றினால் நில உடைமையாளனின் நிறைவும் விதவையின் நிறைவும் ஒரே சொல் என்பது தெரியாது. 8:14, 24:19, 26:13 ஆகிய மூன்றிலும் 'மறத்தல்' என்பதை மாற்றாமல் காப்பதும் அவ்வாறே இன்றியமையாதது. தீரோஷுக்கு மட்டும் 'புதுச்சாறு' என்பது போன்ற ஒரு தனிச்சொல்லைத் துணிந்து ஆளலாம். வகுப்பில் இப்பகுதியை ஒப்பிலக்கியமாகப் பயிற்றுவோர் மூலச்சொற்களைக் கரும்பலகையில் தமிழெழுத்தில் எழுதி, அவை மீண்டும் வரும் இடங்களை மாணவர்களையே தேடச்செய்யலாம். எபிரேயம் அறிந்திருக்கவேண்டிய கட்டாயம் அதற்கில்லை, சொல்லடைவு ஒன்று கையிலிருந்தால் போதும்.